தண்ணீர் குடிக்காமல் போனவள்

"இன்னும் பலமா இருமு."

சொக்கம்மாள் இருமினாள். மேஜைமேல் விரித்திருந்த துணி உலர்ந்தே கிடந்தது. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா மூன்றாவது முறையாகக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் வரலியே. ஆறு வருஷமா மூத்திரம் ஒழுகுதுன்னியே?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் உதட்டைச் சுழித்தாள். சொக்கம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் மானம் போய்விடக் கூடாதென்று நேற்று மத்தியானத்திலிருந்து அவள் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. உத்திரமேரூரில் பஸ் ஏறும் முன்னும் புதர் மறைவில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தாள். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நான்காவது பிரசவத்தில் வந்த வினை. நடவு நாளில் கவலையில்லை. சேற்றில் எல்லார் புடவையும் நனைந்திருக்கும். காய்ந்த கொல்லையில் வேர்க்கடலை, அதாவது மல்லாட்டை, பிடுங்கும் காலத்தில்தான் தலைவலி, காய்ச்சல் என்று வீட்டில் கிடப்பாள். சோம்பேறி என்று ஊரில் பேர். அந்தப் பேரே தேவலை என்றிருந்தாள்.

"கண்ணால பாக்காம கத்தி வைக்க மாட்டேன்" என்றாள் டாக்டரம்மா. "வேற கோளாறா இருந்து, நான் தச்சுட்டா, மூத்திரம் அடைச்சிக்கும். உனக்குத்தான் ஆபத்து. வயிறு முட்டத் தண்ணி குடிச்சுட்டு வெளியில உக்காரு. நடுவுல ஒண்ணுக்குப் போயிடாதே."

வெளியே ஆணும் பெண்ணுமாக முப்பது பேர். அவளைக் கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருந்த நாத்தனார் அம்முலு, பானையிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தாள்.

"குடி அண்ணி. இன்னா, வெசமா குடுக்கறேன்?"

"மெதுவா பேசுடி. எல்லாம் பாத்துக்கினு கீறாங்க."

"பாக்கட்டும். ஏரி மதகாட்டம் இறுக்கி மூடிக்கினு குந்திக்கினு கீற. மடை தொறக்க ஆளு வந்துடப் போறான்."

சொக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அதுவும் வந்தது. பெஞ்சியிலிருந்து சிமெண்டுத் தரையில் ஓடி, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் செருப்பை எட்டியது. அவர் காலை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். உள்ளேயிருந்து அவள் பேரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். எழுந்தால் புடவையின் பின்புறம் தெரியும். அவள் எழுந்திருக்கவில்லை.

நர்ஸ் வந்து தரையைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "டாக்டர், நெஜந்தான்!" என்று கத்தினாள்.

மறுபடி மேஜைமேல் படுக்க வைத்து இருமச் சொன்னார்கள். இந்தத் தடவை துணி நனைந்தது. டாக்டரம்மா எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்து, மறுநாள் புட்டியில் மூத்திரம் பிடித்துச் சோதித்தார்கள். சீழ் இருக்கிறது, அது ஆறாமல் அறுக்கக் கூடாது என்று பத்து நாளுக்கு மாத்திரை கொடுத்து, அப்புறம் வரச் சொன்னார்கள். புருஷன் வேதகிரி ஊரிலிருந்து வந்து ஆபரேஷனுக்குச் சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வைத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் அவள் குடம் தூக்கக் கூடாது, கட்டு சுமக்கக் கூடாது என்று டாக்டரம்மா அவனிடம் சொன்னாள். சரி என்றான். பன்னிரண்டு மணி பஸ்ஸில் மூவரும் திரும்பினார்கள். உட்கார இடம் இருந்தது. சொக்கம்மாள் உத்திரமேரூர் வரை நின்றுகொண்டே வந்தாள்.