கப்பல் தேக்கில் தாத்தாவைத் தேடியது

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் வேலையில் இருந்தவர். அப்பா பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அப்பா ஸ்ரீரங்கத்தில் மாமன் வீட்டில் வளர்ந்து, தச்சு வேலை பழகி, கதவு செய்து பிழைத்தார். தகப்பனாரின் முகம் தெரியாது, படமும் கிடையாது. அவர் கைபட்ட ஒன்றையாவது தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஒரே ஆசை.

உடைத்த கப்பல்களின் தேக்கு அப்போது ரயிலில் திருச்சிக்கு வரும். கதவுக்கும் உத்தரத்துக்கும் அதற்கு ஏகக் கிராக்கி. வேறு வேலையைத் தள்ளிவிட்டு அப்பா கப்பல் தேக்கு வேலையைத்தான் பிடிப்பார். செய்து முடித்த கதவைத் தடவிக்கொண்டே, "இது எங்கப்பா இழைச்ச பலகையா இருக்கும்டா" என்பார். ஊரில் பாதிக் கதவு எனக்குத் தாத்தா முறை என்று நான் கேலி செய்வேன்.

ஆனாலும் தேடி அலைந்தது நான்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா வேலை கிடைத்ததும், இலவச பாஸில் இரண்டு தடவை நாகப்பட்டினம் போனேன். கப்பல் கட்டிய இடத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கேட்டவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். வந்த எரிச்சலில் கடலைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன்.

யுத்தம் தொடங்கிய சமயம், திருச்சி மரக்கடைப் பகுதியில் புதிதாகக் கடை போட்டிருப்பவர் கப்பல் உடைக்கும் குடும்பத்துக்காரர், சொந்த ஊர் நாகப்பட்டினம் என்று கேள்விப்பட்டேன். அப்பா அப்போது வயதாகி வேலையை விட்டிருந்தார். ஜட்கா பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அப்பா தச்சர் என்பதையும் வந்த காரியத்தையும் சொன்னேன்.

"உங்கப்பாரைப் பத்தி ஏதாவது தெரியுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எங்கம்மா ஒண்ணுதாங்க சொல்லும். எண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் அவர் கையில குங்கிலியப் பிசின் போகாதாம். சோத்துலகூட அந்த வாசனை அடிக்குமாம்" என்றார் அப்பா.

கடைக்காரர் சொன்னார்: "அப்படின்னா அவர் பலகை இழைக்கிறவர் இல்லீங்க. கலப்பத்துக்காரர். பலகைக்கு நடுவுல இருக்கிற சந்துல பஞ்சைத் திணிச்சு, குங்கிலியம் காய்ச்சி அடைக்கிறவங்க. அவங்க இல்லேன்னா கப்பலுக்குள்ள தண்ணி வந்துடும்."

அப்பா அடுக்கியிருந்த ஒரு பலகையின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"அந்தப் பஞ்சு துளி கிடைக்குங்களா?"

"எங்கேங்க கிடைக்கும்? உடைக்கிற இடத்துலயே பாதி போயிடும். மிச்சம் ஒட்டிக்கிட்டிருந்தா, மரம் வாங்குற ஆசாரிங்க முதல்ல அதைத்தான் சுரண்டி எறிவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அப்பாவுக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு ஜட்காவில் ஏறினார். காவிரிப் பாலத்தில் வரும்போது சொன்னார்.

"அத்தனை வருஷமும் நான்தாண்டா அதைச் சுரண்டினேன். பிசுக்குப் பிசுக்குன்னு திட்டிக்கிட்டே அடுப்புல போட்டேன்."