சூப்பர் காரில் என் கட்டைவிரல்

இன்று ஆம்பூர் நெடுஞ்சாலை டீக்கடை முன்னால் ஒரு சூப்பர் கார் நின்றது. பளபளப்பில்லாத அடர்பழுப்பு, வெயில் பட்ட விளிம்பில் மட்டும் செம்பு நிறம். கதவிலிருந்து பின்சக்கரம் வரை, தோலை இழுத்துப் போர்த்தியது போல ஒரே வளைவு.

தோல் தொழிற்சாலையில் சாயம் கலந்து நிறம் கொண்டுவருவது என் வேலை. இதே நிறம் வராமல்தான் பல வாரமாகத் திணறுகிறேன்.

தோலைச் சோதிக்கும் பழக்கத்தில், கட்டைவிரலில் எச்சில் தொட்டு, சாயம் விரலில் ஒட்டுகிறதா என்று கதவைத் தேய்த்துவிட்டேன்.

"இன்னாம்மா பண்றே?" என்றார் கார்க்காரர்.

"சாரி சார்."

அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் வெலதான் கேக்கறாங்க. எச்சி வெச்சுப் பாத்தது நீதாம்மா. கலர் புடிச்சிருக்கா?"

அது எப்படி வந்த நிறம் என்று கேட்டிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

யாராவது அந்தக் காரைப் பார்த்தால் எனக்காகக் கேட்டுச் சொல்லுங்கள். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.