மாமரத்தில் கட்டாத கயிறு

இன்று கடையில் நனைந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை வந்ததும் செவிலிமேட்டுக் கிணறு நினைவில் எழுந்தது. தூர் வார இறங்கும்முன் அப்பா, ராட்டினத்தில் ஓடும் கயிற்றின் மறுமுனையை மாமரத்தின் அடியில் சுற்றிக் கட்டுவார், நான் அதில் தொங்கிப் பார்ப்பேன், நார் கிறீச்சிடும், பிறகு சேற்று வாளிகள் சொட்டச் சொட்ட மேலே வந்தபடி இருக்கும்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா, "மரத்துல கட்டாதப்பா, பட்டை உரிஞ்சிக்கினு வந்துடும்" என்றார்.

"சரிம்மா" என்று அப்பா கிணற்றோரக் கல்தூணில் கட்டினார். நான் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அவர் அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறி வரும்போது தூண் பெயர்ந்து அவர்மேலேயே விழுந்தது.

கிணற்றை மூடி இப்போது கார் நிறுத்துகிறார்கள். மாமரம் நிற்கிறது. பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.