சாம்பல் ஊரின் களி

இங்கே கஞ்சிக்கு உப்புப் போட்டால் திட்டு விழும். மீனையும் உப்பையும் சாடியில் அடைத்து, வெயிலில் நொதிக்கவிட்டு வடித்த சாற்றைத்தான் ஊற்ற வேண்டும். 'காரும்' என்று பேர். அந்த வாடைக்கு முதல் வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை, போங்க. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூரில் மில் மூடியதும் இத்தாலிக்கு வந்தவன் நான். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ஊரொன்றின் பக்கத்தில், ரோமர் காலத்துச் சமையலைச் செய்துகாட்டும் வீட்டில் அடுப்பு வேலை. இடுப்புயரத் திண்டின்மேல் கரியைப் பரப்பி, முக்காலியில் சட்டி வைத்து, கோதுமை நொய்யைக் கிண்டுவேன். 'புல்ஸ்' என்பார்கள். சாதாரண சனங்களுக்கு அன்றாடச் சாப்பாடே அதுதானாம். நம்ம களிக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

போன வாரம் மேற்பார்வை பார்க்கும் லூச்சியா என்னைப் புதைந்த ஊருக்குள் கூட்டிப்போனாள். ஒரு வீட்டின் அடுப்புத் திண்டில் சட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. "போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார்கள்" என்றாள். சமையல் முடிந்திருந்ததா என்று என் அரைகுறை இத்தாலிய மொழியில் கேட்டேன். "இல்லை, இன்னும் இரண்டு வீடு பார்க்கணும்" என்று, சுற்றிப்பார்த்தது முடிந்ததா என்று நான் கேட்டதாக நினைத்து முன்னால் நடந்தாள். நான் குனிந்து அந்தச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுச் சரசக்கா வீட்டுக்குத்தான் கூப்பிடுவேன். கடைசியாகக் கூப்பிட்டபோது, என் சம்சாரம் வசந்தாவைக் கூப்பிடப் போன அக்கா தனியே திரும்பி வந்தது. "ஏனுங்க, அம்மணி களி கிண்டறாளுங்க. கைய எடுத்தா கட்டி தட்டிப்போயிருமாம். சித்த நேரம் இருக்கச் சொன்னா." எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "அடுத்த வாரம் பேசறேன்னு சொல்லிப்போடுங்க" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வசந்தா களியைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தாளாம், அக்கா பின்னால் சொன்னது. அன்றைக்கு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் மாரடைப்பில் போய்விட்டாள். இங்கே தங்குவதற்கான காகிதம் கைக்கு வராமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்பதால் என்னால் போக முடியவில்லை.

நேற்று அவளுக்கு முதல் திவசம். புல்ஸைக் கட்டியில்லாமல் கிண்டி இறக்கி, இரண்டு கிண்ணத்தில் ஊற்றித் திண்டில் வைத்தேன். ஒன்று வசந்தாவுக்கு. இன்னொன்று, சட்டியை விட்டு ஓடிய அந்த ரோமக்காரிக்கு. நம்மூரில் காக்கை வந்து எடுத்தால் செத்தவர்கள் சாப்பிட்டதாகக் கணக்கு. இங்கே எந்தக் காக்கையைக் கூப்பிடுவது? கை கழுவிவிட்டுத் திரும்பினால், லூச்சியா ஒரு கிண்ணத்தை வழித்துத் தின்றுகொண்டிருக்கிறாள்.

"எனக்கா வைத்தாய்? நல்ல பசி!" என்றாள். "உன்னுடையது ஆறுது பார், சாப்பிடு."

அவள் எடுத்தது யாருடைய கிண்ணம் என்று நான் பார்க்கவில்லை. வசந்தா சாப்பிட்டுவிட்டாளா, இன்னும் பசியோடுதான் நிற்கிறாளா? மிச்சக் கிண்ணத்தில் ஆடை படிந்துகொண்டிருந்தது. தொடவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல் அதன் முன்னால் நின்றேன்.