மூன்று விசில்

எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பாய்லர் வெடித்தபோது பேக்கிங் பகுதியில் நின்றிருந்தேன். கையில் பட்ட தீக்காயம் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை. கதவு காற்றில் அடித்துக்கொண்டாலே தூக்கிப்போடும். சில நாள் தலை சீவக்கூடத் தோன்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக் குக்கரை என் கணவர் பரண் மேல் ஏற்றிவிட்டார். பக்கத்து வீட்டில் விசில் அடித்தால் நான் தெருவில் நிற்பேன்.

டாக்டர் மாத்திரையோடு இன்னொன்றும் சொன்னார்: வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி மாடியில் ஒரு குழு கூடும், அதில் போய் உட்கார வேண்டும். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். நடத்தியவர் சின்ன வயசு ஆலோசகர், மேடம் என்போம். "பேசணும்னு கட்டாயம் இல்ல, வந்து உக்காந்தா போதும்" என்றார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை.

நாலாவது வாரம், பக்கத்தில் இருந்த மீனவர் பேசினார். படகு கவிழ்ந்து, பல மணி நேரம் கடலில் மிதந்து கரை சேர்ந்தவர்.

"தலையில தண்ணி ஊத்துனா மூச்சு முட்டுது மேடம். ஆறு மாசமா ஈரத்துண்டுதான். கடலுக்குப் போனவன் குளிக்கப் பயப்படுறான்னு ஊரே பேசுது."

யாருக்கும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரே முதலில் சிரித்தார். எதிரே இருந்த முத்தியால்பேட்டை பாய், தையல்காரர், பஸ் விபத்தில் தப்பியவர். "நான் பஸ்ஸே ஏறுறதில்ல. எங்கேயும் நடைதான். போன மாசம் புதுச் செருப்பு வாங்கிட்டேன்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு குக்கர் கதையும் வெளியே வந்துவிட்டது.

மேடம் படிப்படியாகப் பழகலாம் என்றார். முதல் வாரம் குக்கரைப் பரணிலிருந்து இறக்கினேன். அடுத்த வாரம் கழுவினேன். பிறகு மூடி போடாமல் அதில் சாதம் வடித்தேன். அதற்கு மேல் நகரவில்லை.

"தனியா எதுக்கு தங்கச்சி? ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம்" என்றார் மீனவர். மேடமும் சம்மதித்தார். தாங்க முடியாவிட்டால் உடனே அடுப்பை அணைத்துவிடச் சொன்னார்.

மீனவர் வஞ்சிரத்தோடு வந்தார். பாய் நடந்தே வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். என் கணவர் குக்கரில் பருப்பை ஏற்றி, பக்கத்து அடுப்பில் மீனை வறுக்கப் போட்டார். நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீனவர் பக்கத்தில் வந்தார்.

"நல்லா கேளும்மா. மொதல்ல உஸ்ஸுன்னு வருதா? இது சொல்லிட்டுத்தான் கத்தும். அந்த பாய்லரு சொல்லல."

கேட்டேன். உஸ் என்ற சத்தம் ஏறிக்கொண்டே போய் விசில் அடித்தது. கம்பி உள்ளங்கையில் பதிந்தது, ஆனால் நான் ஓடவில்லை. உள்ளே ஒரு டம்ளர் உருண்டது. "தப்பா நெனைக்காதீங்க, நான்தான்" என்று பாயின் குரல். பயத்தில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது விசில் போய்விட்டது. மூன்றாவதற்கு நான் அடுப்பருகில் இருந்தேன். நானே அணைத்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் கணவர்.

"அவ்ளோதான்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனைத் திருப்பிப் போட்டேன்.

பருப்பில் உப்புப் போட எல்லோருமே மறந்திருந்தோம். வஞ்சிரம் அதைச் சரிக்கட்டிவிட்டது.

பட்டாசுச் சத்தம் இன்னும் எனக்கு ஆகாது. எழுந்திருக்கப் பிடிக்காத காலைகளும் வருகின்றன, முன்பு போல அடிக்கடி இல்லை. டாக்டர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார். மீனவர் ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டதாகச் சொன்ன அன்று எல்லோரும் கைதட்டினோம். "சோப்பு போட்டீங்களாண்ணே?" என்றேன். "அது அடுத்த வாரம்" என்றார்.

இந்த மாதம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு துணிக்கடையில் பாதி நாள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வியாழக்கிழமை மட்டும் வர முடியாது என்று சேரும்போதே சொல்லிவிட்டேன்.