பரிபூரணம் சுற்றிய இரண்டாவது ஸ்பிரிங்

பரிபூரணத்துக்குக் கோபம் வந்தால் அது எப்போதும் நியாயமான கோபமாகவே இருக்கும். சுற்றி இருப்பவர்களுக்கு அதுதான் பெரிய தொல்லை. வீண் கோபக்காரி என்றால் ‘அவ கெடக்கா’ என்று விட்டுவிடலாம். இவள் திட்டிவிட்டுப் போன பிறகு உட்கார்ந்து யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி என்று தெரியும். அப்புறம் எந்த முகத்தோடு அவளிடம் சண்டைக்குப் போவது?

ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது வ. புதுப்பட்டி. பதினெட்டு வயதில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நான்காம் வருடம், மெஷினில் புதிதாக மாட்டிய ஸ்பிரிங் மெலிசு, நூல் அறுவது அதனால்தான் என்று மேஸ்திரியிடம் போய்ச் சொன்னாள். பொம்பளைக்கு ஸ்பிரிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் சிரித்தார். அவள் புதியதையும் பழையதையும் அவர் மேஜைமேல் வைத்து, இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். பத்துப் பேர் பார்க்க அவர் அமுக்கிப் பார்த்தார். மறுவாரம் ஸ்பிரிங்கை மாற்றினார்கள், அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

அவள் அழவில்லை. அந்த மெலிசு ஸ்பிரிங்கைச் செய்து கொடுத்த பட்டறைக்கே போய், “ஒழுங்காச் சுத்தத் தெரியாதா ஒங்களுக்கு?” என்று சத்தம் போட்டாள். பட்டறைக்காரர் விவரமான மனுஷர், அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கு அந்தப் பட்டறை அவளுடையது. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளில் பாதிக்கு அவள் ஸ்பிரிங்தான். புருஷன் சங்கரலிங்கம் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேசுவதற்குத் தனக்கு இடம் கிடைக்கவில்லை என்பார்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. சரியில்லை என்று திரும்பி வந்த ஸ்பிரிங்கை உருக்கப் போடமாட்டாள். என்ன குறை என்று ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, ஸ்பிரிங்கோடு கட்டிச் சுவரில் தொங்கவிடுவாள். முப்பது வருடத்தில் அப்படிப் பதினொன்று தொங்கின. காலையில் பட்டறையைத் திறந்ததும் முதலில் அவற்றைத்தான் முறைத்துப் பார்ப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தி ஆவணி மாதத்தில், பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மாந்தோப்பின் மேனேஜர் பால்சாமி வந்தான். கைக்குட்டையை விரித்து, ஒடிந்த ஸ்பிரிங் ஒன்றை மேஜையில் வைத்தான்.

“இதே மாதிரி ஒண்ணு வேணும்க்கா. பழைய தறி ஒண்ணு கெடக்கு, அதுக்கு.”

பரிபூரணம் அதைக் கையில் எடுத்ததுமே தறிச் சாமான் இல்லை என்று தெரிந்துகொண்டாள். தறி ஸ்பிரிங்குக்கு நுனியில் கொக்கி இருக்கும். இதற்கு இரண்டு நுனியையும் சாணையில் தேய்த்துத் தட்டையாக்கியிருந்தார்கள். சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஒரு நூல்கூடப் பிசகவில்லை. எதற்கு என்று கேட்க வாய் எடுத்தாள். அதற்குள் பால்சாமி, “கோயமுத்தூர்லயே முடியாதுன்னுட்டாங்கக்கா” என்றான்.

அது போதும். அவளிடம் வேலை வாங்க எந்தக் களவாணிப் பயலுக்கும் அந்த ஒரு வார்த்தை போதும். கேட்க வந்ததை விழுங்கிவிட்டுக் கம்பியைத் தேடப் போனாள்.

பதினைந்து நாளில் கார் வந்து நின்றது. தோப்பு முதலாளி ராம்குமாரே இறங்கி வந்தார். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாத ஆள். குரலை உயர்த்த வேண்டிய அவசியம் அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக யாருக்கும் வந்ததில்லை. அவள் சுற்றிய ஸ்பிரிங்கை மேஜையில் வைத்தார்.

“இது மெலிசாருக்குக்கா. ஒண்ணு போனா அடுத்தது தானா வந்து ஒக்காரணும். அது ஏற மாட்டேங்குது. பாதியில நிக்குது.”

“எது ஏற மாட்டேங்குது?”

அவர் சிரித்தார். “தோட்டாதான். தாத்தாவோட கைத்துப்பாக்கி. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். லைசென்ஸ் எல்லாம் இருக்கு, பயப்படாதீங்க.”

இந்த இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. தன்னிடம் தறி என்று பொய் சொன்னதற்காக வந்திருந்தால் நானும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது. அவளுக்குக் கோபம் வந்தது, ‘மெலிசு’ என்ற சொல்லுக்காக. ஒரு மேஸ்திரியைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்த அதே சொல் இப்போது அவள் மேஜைக்கே வந்துவிட்டது. “நாளைக்கு வாங்க” என்றாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகாமல், ஒரு அளவு தடித்த கம்பியில் இரண்டாவதைச் சுற்றினாள். திரும்பி வந்ததில் சீட்டு எழுதிக் கட்டினாள்: ‘மெலிசு. அடுத்த தோட்டா ஏறலை.’ பன்னிரண்டாவதாக அதுவும் சுவரில் ஏறியது. மறுநாள் ராம்குமார் துப்பாக்கியோடு வந்து புதியதை மாட்டிப் பார்த்தபோது, உள்ளே எது எதைத் தள்ளுகிறது என்று அவளும் கவனித்துக்கொண்டாள்.

ஆயுத பூஜை வந்தது. அந்தத் தோப்பில் வருடா வருடம், காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு போடுவார்கள். பிறகு அதை மண்வெட்டி, மருந்தடிக்கும் மெஷின், மோட்டார் ஸ்டார்ட்டரோடு சேர்த்து வைத்துப் பொட்டு வைப்பார்கள். கருவியில் கை எங்கே படுமோ அங்கே பொட்டு வைப்பது அந்த வீட்டு வழக்கம். மண்வெட்டிக்குப் பிடியில், ஸ்டார்ட்டருக்குப் பொத்தானில், துப்பாக்கிக்கு விசையில். ஒற்றைக்குழல் ஒரு முறை வெடித்துவிட்டால் வெறும் இரும்பு. விசையில் சந்தனத்தை அப்பினாலும் ஒன்றும் ஆகாது. எண்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருடம் ராம்குமார் தாத்தாவின் கைத்துப்பாக்கியால் வேட்டு போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். அதை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கை மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, குழலில் ஒரு பொட்டு, பிடியில் ஒரு பொட்டு, விசையில் ஒரு பொட்டு வைத்தார். எதிரே சந்தனக் கிண்ணத்தை ஏந்திக் குனிந்து நின்றவன் தோப்புக் காவல்காரன் வேல்பாண்டி. குண்டு அவன் கழுத்தில் பாய்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோகும் வழியில், வண்டியிலேயே உயிர் போய்விட்டது. முப்பத்தாறு வயது. பெண்டாட்டி மாரிச்செல்வி சுண்டல் அவித்துக்கொண்டு இருந்தாள்.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தது. ராம்குமார் தரப்பு சொன்னதைக் கேளுங்கள். பழைய துப்பாக்கி, ஒரு குண்டுக்கு மேல் வேலை செய்யாது என்று நம்பினார். அடுத்தது தானாக ஏறும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பட்டறையில் சுற்றிய ஸ்பிரிங்கில் கோளாறு. அதனால் விசையில் கை பட்டதும் படாததுமாகத் தானாக வெடித்துவிட்டது. ஆக, செத்தவனுக்குக் காலக் கோளாறு, துப்பாக்கிக்கு ஸ்பிரிங் கோளாறு. முதலாளிக்கு மட்டும் ஒரு கோளாறும் இல்லை!

சாட்சி சொல்லப் பரிபூரணத்துக்குச் சம்மன் வந்த மறுநாளே பால்சாமி வந்தான்.

“தறி ஸ்பிரிங்குன்னு நெனச்சுத்தான் சுத்துனேன், கோளாறு இருந்திருக்கலாம்னு சொல்லிருங்கக்கா. தெரியாமச் செஞ்சதுக்கு ஒங்களை யாரு என்ன செய்ய முடியும்? ஒங்களுக்கும் நல்லது, அவியளுக்கும் நல்லது.”

“வேல்பாண்டிக்கு என்னலே நல்லது?”

“அவன்தான் போயிட்டானே.”

அவள் கையில் அப்போது இருந்தது ஒரு இரும்பு ராடு. பால்சாமி அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

அரசு வக்கீல் சத்யப்பிரியா சின்ன வயதுக்காரி, சுற்றி வளைக்காமல் பேசினாள். “அம்மா, துப்பாக்கின்னு தெரிஞ்சு ரெண்டாவது ஸ்பிரிங் சுத்துனேன்னு நீங்க சொன்னா, லைசென்ஸ் இல்லாம ஆயுதத்தை ரிப்பேர் பண்ணுனதா ஒங்க மேலயும் கேஸ் வரும். தெரியாதுன்னு சொன்னா தப்பிச்சுக்கலாம். ஆனா அவரும் தப்பிச்சிடுவாரு. அடுத்தது ஏறும்னு அவருக்குத் தெரியும்ங்கிறதுக்கு ஒங்க வாயைத் தவிர வேற சாட்சி இல்லை.”

பரிபூரணம் மூன்று நாள் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள். குழம்பில் உப்பு, பால்காரன் தாமதம், சங்கரலிங்கத்தின் செருப்பு, எல்லாம் குற்றம். நான்காம் நாள் காலையில் சங்கரலிங்கம், “யாரு மேல கோவம்னு மொதல்ல முடிவு பண்ணு” என்றார். வருடத்துக்கு ஒரு தடவை பேசினாலும் அந்த மனுஷர் இப்படித்தான் பேசுவார். அவள் பட்டறைக்குப் போய், சுவரில் இருந்து பன்னிரண்டாவதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டார். “நீங்க படிச்சது எட்டாம் வகுப்பு. துப்பாக்கிக்கு ஸ்பிரிங் செய்யற பயிற்சி ஒங்களுக்குக் கிடையாது. அதுல குறை இருந்திருக்கலாம், இல்லையா?”

“இல்லை.”

“எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

அவ்வளவுதான். முப்பது வருடக் கோபமும் கூண்டுக்குள் ஏறிக்கொண்டது. அவள் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

“ஐயா, வெடிக்கும்போது குண்டு முன்னால போகுதில்லையா, அந்த வேகத்துக்குத் துப்பாக்கி பின்னால ஒதைக்கும். அந்த ஒதையை வீணாக்காம அதை வச்சே வேலை வாங்குற சாமான் ஐயா இது. கொழாயும் பின்னிரும்பும் பூட்டுன வாக்குல செத்தத் தூரம் பின்னால வரும். அங்க பூட்டு வெலகிரும். கொழாய் நின்னுரும். பின்னிரும்பு மட்டும் ஸ்பிரிங்கை நசுக்கிக்கிட்டே இன்னும் பின்னால போயி, காலித் தோட்டாவை வெளிய எறிஞ்சு, சுத்தியலைத் தூக்கி வச்சிரும். இனிமேதான் என் ஸ்பிரிங்கோட வேலை. நசுங்குன ஸ்பிரிங்கு விரியும்போது பின்னிரும்பை முன்னால தள்ளும். அது போற போக்குல அடுத்த தோட்டாவை எடுத்துக் கொழாய்க்குள்ள சொருகிரும். தறியில நூலை இழுத்துக்கிட்டு ஓடுற நாடாவை அடிச்ச கட்டை திரும்பி வந்து அடுத்த அடிக்கு நிக்கிற மாதிரிதான். என் ஸ்பிரிங்கு தோட்டாவை ஏத்தும். வெடிக்க வைக்காது. வெடிக்கணும்னா ஒரு கை விசையை அமுக்கணும்.”

டைப் அடிப்பவர்கூட நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“இதெல்லாம் ஒங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றார் வக்கீல். மடக்கிவிட்டதாக நினைத்தார். “தறிக்குன்னு சொல்லித்தானே கொண்டுவந்தாங்க?”

இங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். ஸ்பிரிங்கும் மானத்தோடு தப்பித்திருக்கும். அவள் பைக்குள் கையை விட்டு, சீட்டுக் கட்டிய ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினாள்.

“இது மொதல்ல சுத்துனது. இவரே கார்ல வந்து திருப்பித் தந்தாரு. ஒண்ணு போனா அடுத்தது தானா வந்து ஒக்காரணும், ஏற மாட்டேங்குதுன்னு இவரு வாயாலயே சொன்னாரு. தோட்டான்னும் சொன்னாரு, துப்பாக்கின்னும் சொன்னாரு. அன்னைக்கு நான் எழுதிக் கட்டுன சீட்டு இது, தேதி போட்டிருக்கேன். தெரிஞ்சுதான் ரெண்டாவது சுத்துனேன். கேஸ் போடணும்னா என் மேலயும் போடுங்க. ஆனா தெரியாதுன்னு அவரு சொல்றது பச்சைப் பொய்யி!”

ராம்குமார் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தலை குனிந்தார். அவர் வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். மாஜிஸ்திரேட் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்து, அதை வழக்கில் சேர்க்கச் சொன்னார். பரிபூரணம் மேல் தனியாக விசாரிக்கும்படி போலீசுக்கும் சொன்னார்.

அவள் வெளியே வந்தபோது மனசுக்குள் ஒரு தெம்பு இருந்தது. ஜெயிலுக்கே போனாலும் போகட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, மறுபடியும் தான் சொன்னதுதான் சரி. கோர்ட்டு வாசலில் மாரிச்செல்வி நின்றாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து போகிறவள். இதுவரை இருவரும் பேசியதில்லை.

“அக்கா, மொதல்ல சுத்துனது ஏறலைன்னுதான சொன்னீங்க?”

“ஆமா.”

“அதையே போதும்னு விட்டிருந்தா, அந்த ஒரு வேட்டோட போயிருக்கும். என்னக்கா?”

அவள் குரலில் கோபம் இல்லை. விவரம் தெரிந்தவளிடம் விவரம் கேட்கிறவளின் குரல். யார் எது கேட்டாலும் பரிபூரணத்திடம் ஒரு பதில் தயாராக இருக்கும். விசையை அமுக்கியது யார் என்று கேட்கலாம். பொய் சொல்லிக் கொண்டுவந்தது யார் என்று கேட்கலாம். எல்லாம் நியாயம்தான். ஆனால் ‘மெலிசு’ என்ற ஒரு சொல்லுக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்து சுற்றியது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

“ஆமா செல்வி” என்றாள். “அவரு உயிரோட இருந்திருப்பாரு.”

மாரிச்செல்வி தலையை ஆட்டினாள். சேலை முந்தானையைக் கையில் சுற்றினாள், பிரித்தாள்.

“ஒங்களைக் கும்புட்டுட்டுப் போகணும்னுதான்க்கா நின்னேன். கை சேர மாட்டேங்குது.”

“வேண்டாம் தாயி. கும்புடாத” என்றாள் பரிபூரணம். மாரிச்செல்வி வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.