டார்லிங் வந்திட்டுதோ?

மோர்னிங்சைட் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மனோ அக்காவின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, அண்ணை போயிட்டார்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "விடியக் கண் முழிச்சவர். தண்ணி வந்திட்டுதோ எண்டு கேட்டவர். இன்னும் இல்லையாம் எண்டு சொன்னன். தலையாட்டிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தவர்" என்றார். இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி மூன்று தரிப்புகள் போய்விட்டது பிறகுதான் தெரிந்தது.

அவர் கேட்ட தண்ணீர் குடிக்கிற தண்ணீர் அல்ல. சோதிலிங்கம் அண்ணையைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தெரியாதவர்களுக்காக, முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் போடுவதற்கென்று மனோ அக்கா கேட்டபடி இதை எழுதுகிறேன். "பெருந்தகை, பண்பாளர் எண்டெல்லாம் எழுதிப்போடாதை பிள்ளை, அவரே சிரிப்பார்" என்று தன் கணவரைப் பற்றி எனக்கு முன்கூட்டியே எச்சரிக்கையும் தந்திருக்கிறார்.

ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில் மூக்குக்கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து வடிவாக்கும் சிறிய வேலைத்தலம் ஒன்றில் நானும் அண்ணையும் பதினொரு வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோம். தேய்க்கும்போது வில்லை சூடேறாமல் இருக்க அதன்மேல் எந்நேரமும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்தி எங்கள் எல்லோருக்கும் குரல் பெருத்துவிட்டது. அண்ணை மட்டும் மெல்லப் பேசுவார், நாங்கள்தான் காதைக் கொண்டுபோக வேண்டும். முதல் நாளே நான் ஒரு வில்லையை உடைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றேன். அவர் துண்டுகளைக் கூட்டி எடுத்து, "பரவாயில்லைத் தங்கச்சி, அந்த மனுசனுக்கு மற்றக் கண் இருக்குத்தானே" என்றார். வேலை போய்விடும் என்ற பயம் அதோடு போய்விட்டது.

நாலரைக்கு வேலை முடியும். பஸ் வர இருபது நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் அண்ணை லஞ்ச் ரூம் மூலையில், யன்னலைப் பார்த்தபடி நின்று அவுஸ்திரேலியாவுக்குப் போன் எடுப்பார். அங்கே அப்போது விடியற்காலை. நான் ஒட்டுக் கேட்கவில்லை. ஆனால் என் காதுக்குக் கதவு கிடையாது.

"டார்லிங் எப்பிடி இருக்கு?" என்பார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஐயோ பாவம், அவ்வளவுக்கு மெலிஞ்சு போச்சோ?" என்பார். இன்னொரு நாள், "வாறன் வாறன் எண்டு போன முறையும் உப்பிடித்தானே ஏமாத்தினது. நீ போய்ப் பாத்துக்கொண்டிரு. டார்லிங் வந்தவுடனை எனக்குச் சொல்லு" என்பார்.

நான் என்னத்தை நினைப்பது? எங்கள் பேச்சில் பிரியமான பெண்பிள்ளையையும் 'அது' என்றுதானே சொல்கிறோம். அறுபது தாண்டிய மனிதர், திருநீறு பூசாமல் வெளியே வராதவர், அவுஸ்திரேலியாவில் யாரோ ஒரு டார்லிங் மெலிந்துபோனதற்குக் கவலைப்படுகிறார். நான் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன். அதுவும் ஒருவருக்கும் சொல்லிவிடாதே என்று. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்கே அந்தக் கதையை வேறொருவர் சொன்னார். அதில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் மனோ அக்கா ஒரு பெட்டி வடையோடு லஞ்ச் ரூமுக்குள் வந்தார். "ஆர் பிள்ளையள், என்ர மனுசன்ர டார்லிங்கைக் கண்டுபிடிச்சது?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா என் கையில் ஒரு வடையை வைத்து, மற்றக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அண்ணையின் லொக்கரைத் திறந்து காட்டினார்.

கதவின் உட்புறத்தில் அவுஸ்திரேலியாவின் தேசப்படம் ஒன்று ஒட்டியிருந்தது. மண்ணிறமான பெரிய நிலம். அதன் கிழக்குப் பக்கத்தில் நீலக் கோடுகள். ஒரு கோட்டின் நடுவில் நீலத் தலை வைத்த குண்டூசி ஒன்று குத்தியிருந்தது. "உதுதான் டார்லிங்" என்றார் அக்கா. "தண்ணி ஓடுற ஆறு, பிள்ளை." அண்ணை பின்னால் நின்று, வாயில் வடையோடு சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "எனக்கு உந்த வயசில ஒரு டார்லிங் கிடைக்கும் எண்டு நம்பினியே, அதுக்கு நான்தான் நன்றி சொல்லவேணும்" என்றார்.

அதன்பிறகு அந்த ஆறுகள் எங்கள் மெஷின்களுக்கு நடுவிலும் ஓடத் தொடங்கின. யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்குக் கிணறு தெரியும், குளம் தெரியும், கடல் தெரியும். ஆறு என்று சொல்ல மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் வழுக்கியாறு ஒன்றுதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த மனிதர், தான் ஒருநாளும் காணாத ஆறுகளைப் பற்றி, சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருப்பார். மரே ஆறு பனிமலையில் பிறக்கிறது. மரம்பிட்ஜி அதோடு வந்து சேர்கிறது. அந்தப் பெயர் என் வாயில் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. லாக்லன் பாதி வழியில் சதுப்பு நிலத்துக்குள் போய்க் காணாமல் போய்விடும், பெருவெள்ளம் வந்தால்தான் வெளியே வரும். கூப்பர், டயமன்டினா இரண்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டுக்குள்ளே ஓடி, உப்பு ஏரி ஒன்றைத் தேடிப் போகும். பல வருடங்கள் அங்கே போய்ச் சேருவதே இல்லை.

படத்தில் சில ஆறுகள் முழுக் கோடாகவும் சில துண்டு துண்டான கோடாகவும் இருந்தன. அச்சுப் பிழையோ என்று கேட்டேன். "இல்லைத் தங்கச்சி, உது தண்ணி எப்பவும் ஓடாத ஆறு. தண்ணி இல்லை எண்டதுக்காக ஆறு இல்லை எண்டு சொல்லேலாதுதானே. அதுதான் கோட்டை விட்டு விட்டுப் போட்டிருக்கிறாங்கள்" என்றார்.

டார்லிங்கின் கதையை அவர் எனக்குச் சொன்னது ஒரு பனிநாளில், பஸ் தரிப்பில். அவருக்கு ஒரே தம்பி, குலம். யுத்த காலத்தில் அண்ணை முதலே ரொறொன்ரோவுக்கு வந்துவிட்டார். தம்பி தாயாரோடு ஊரில் இருந்தார். ஊரே இடம்பெயர்ந்தபோது, நடக்க முடியாத தாயைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனவர் அந்தத் தம்பிதான். வழியில் காய்ச்சல் கண்டு தாய் இறந்துபோனார். சில வாரங்களுக்குப் பிறகு போனில் அந்தச் செய்தியைக் கேட்டபோது அண்ணை சொன்ன வசனம் இது: "பக்கத்தில இருந்தும் நீ அம்மாவைப் பாக்கேல்லை."

தம்பி போனை வைத்துவிட்டார். பிறகு அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய், டார்லிங் ஆறு மரே ஆற்றோடு சேரும் சந்திக்குப் பக்கத்தில் ஒரு தோடந்தோட்டத்தில் ஆரஞ்சு பறிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பதினான்கு வருடங்கள் பேச்சு இல்லை. கடைசியில் அண்ணை எப்படியோ இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தார். தம்பி போனை எடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் அண்ணை, "அங்க என்ன நடக்குது?" என்று கேட்டாராம்.

"ஆறு வத்திப்போச்சு எண்டான்" என்றார் அண்ணை. "பதினாலு வருசத்துக்குப் பிறகு என்ர தம்பி சொன்ன முதல் கதை அது. எந்த ஆறு எண்டு கேட்டன். டார்லிங் எண்டான். நான் விடேல்லை. அதைப் பிடிச்சுக்கொண்டன்."

அவர்கள் தாயைப் பற்றிப் பேசவில்லை. தங்களைப் பற்றியும் பேசவில்லை. ஆற்றைப் பற்றி மட்டும் பேசினார்கள். வடக்கே எங்கோ மழை பெய்தால் அந்தத் தண்ணீர் தம்பி இருக்கும் இடத்துக்கு வந்துசேரக் கிழமைகள், சிலவேளை மாதங்கள் ஆகும். அவ்வளவு பெரிய, அவ்வளவு காய்ந்த நிலம். பேர்க் என்ற ஊரைத் தாண்டிவிட்டது, வில்கேனியாவுக்கு வந்துவிட்டது என்று தம்பி சொல்லச் சொல்ல, அண்ணை குண்டூசியை நகர்த்துவார். பிறகு மண் குடித்து, வெயில் குடித்து, தண்ணீர் எங்கோ நின்றுவிடும். குண்டூசி பழையபடி மேலே போகும்.

எனக்கும் அது ஒரு காய்ச்சல் வருத்தம்போலத் தொற்றிக்கொண்டது. வெளியே கார் தரிப்பிடத்தில் பனி கொட்டும். என் மெஷினில் தண்ணீர் ஓடும். நானோ, தட்டையான செம்மண்ணில், இரு கரையிலும் வெள்ளைத் தண்டு மரங்கள் நிற்க, நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வருவதுபோல் தண்ணீரின் தலைப்பு மெல்ல மெல்ல வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பஸ்ஸில் கண்ணயர்ந்தால் மோர்னிங்சைட் வீதியே காய்ந்த ஆறாகிவிடும். ஒருமுறை, "இப்ப எங்க நிக்கும் அண்ணை?" என்று கேட்டேன். "இப்ப அங்க இரவு. நிலா வெளிச்சத்தில வந்துகொண்டிருக்கும்" என்றார்.

என் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணை, சொன்னது பிழை எண்டு உங்களுக்குத் தெரியும். இண்டைக்கே தம்பியிட்டச் சொல்லிப்போடுங்கோவன்."

"சும்மா சொல்ல வாய் வருகுதில்லை" என்றார். "தண்ணி சந்திக்கு வந்திட்டுது எண்டு அவன் சொல்லுற அண்டைக்குச் சொல்லுவன். அந்தச் சந்தோசத்தில நிக்கேக்க சொன்னா, அதோட அதாப் போயிடும்."

"என்ன சொல்லுவியள்?"

"அம்மாவைப் பாத்தது நீதான் எண்டு. அவ்வளவுதான்."

இந்த வருடத் தொடக்கத்தில் வடக்கே நல்ல மழை என்று செய்தி வந்தது. அதே நேரம் அண்ணையின் வயிற்றில் இருந்த நோயும் கண்டுபிடிக்கப்பட்டது. குண்டூசி பேர்க்கைத் தாண்டியபோது அவர் வேலையை விட்டார். வில்கேனியாவைத் தாண்டியபோது ஆஸ்பத்திரியில் படுத்தார். குண்டூசியை நகர்த்தும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார். தம்பியோ ஒவ்வொரு நாளும் போனில், "மெனின்டி ஏரியடியில நிக்குது அண்ணை, இந்தா வந்திடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடைசியாகப் போனபோது அண்ணையின் கை ஒரு பிடி விறகாக இருந்தது.

"நான் சொல்லாட்டில் தம்பிக்கு நீ சொல்லு" என்றார். "தண்ணி வந்த பிறகு. அவசரப்படாதை. உனக்குத்தானே கதை பரப்பத் தெரியும்." அந்த நிலையிலும் என்னைச் சீண்டாமல் விடவில்லை. நான் சிரித்துக்கொண்டு வெளியே வந்து, லிப்ட்டுக்குள் நின்று அழுதேன்.

அண்ணையின் இறுதிக் கிரியையைத் தம்பி போனில்தான் பார்த்தார். அது முடிந்து பத்தாம் நாள், நாலரைக்கு, நான் லஞ்ச் ரூமின் அதே மூலையில் நின்றேன். அண்ணை படத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருந்த இலக்கத்தை அழுத்தினேன்.

"நான் அண்ணையோட வேலை செய்தனான்" என்று தொடங்கினேன்.

"தெரியும். கதை பரப்பின அக்கா" என்றார். அண்ணையின் அதே மெல்லிய குரல்.

எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "டார்லிங் வந்திட்டுதோ தம்பி?"

அங்கே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, அது அண்ணை போறதுக்குப் பத்து நாளைக்கு முதலே வந்திட்டுது" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "பிறகேன் வரேல்லை எண்டு சொன்னனீங்கள்? அந்த மனுசன் கடைசியாக் கேட்டதே அதுதானே" என்று கேட்டேன்.

"அவர் அதுக்காகத்தான் இருக்கிறார் எண்டு நினைச்சன் அக்கா" என்றார். "வந்திட்டுது எண்டு சொன்னா, அண்ணை போயிடுவார் எண்டு பயந்தனான். வரேல்லை எண்டு சொல்லச் சொல்ல, ஒவ்வொரு நாளாப் பிடிச்சு வைச்சிருக்கலாம் எண்டு நினைச்சன்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சைக்கிளில் தாயை உருட்டிக்கொண்டு போன அதே மனிதர்தான், போனைப் பிடித்துக்கொண்டு தமையனையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு, அண்ணை சொல்லித் தந்தபடியே சொன்னேன்.

"தம்பி, தண்ணி வந்த பிறகு உங்களிட்ட ஒண்டு சொல்லச் சொன்னவர். அம்மாவைப் பாத்தது நீதான் எண்டு சொல்லச் சொன்னவர்."

பிறகு ஒரு வாகனக் கதவு திறந்து மூடியது. "வைச்சிடாதேங்கோ அக்கா" என்றார். வாகனம் ஓடும் சத்தம். பறவைகள். என் பஸ் வந்து, கதவைத் திறந்து, போய்விட்டது. அது போகட்டும் என்று நின்றேன்.

"சந்தியில நிக்கிறன்" என்றார். "இப்பதான் வெளிச்சம் வருது. மரே பச்சையாத் தெரியுது. டார்லிங் பால்தேத்தண்ணி நிறம். கொஞ்சத் தூரம் ரெண்டும் சேராமல் பக்கத்தில பக்கத்தில ஓடுது அக்கா. அங்கால போய்ச் சேருது." அதற்குப் பிறகு அவர் அழுதார். நானும் அழுதேன். போனை அவர் தண்ணீருக்குக் கிட்டப் பிடித்திருக்க வேண்டும். எனக்குப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே நின்றேன்.

மறுநாள் அண்ணையின் லொக்கரை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. படத்தைக் கழற்றி மனோ அக்காவிடம் கொடுப்பதற்கு முன், மெனின்டியில் நின்ற நீலக் குண்டூசியை எடுத்து, இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் குத்தினேன்.

சோதி அண்ணை, டார்லிங் வந்திட்டுது. கதையையும் நான் பரப்பிப்போட்டன். நீங்கள் போயிட்டு வாங்கோ.